விக்கிரக வழிபாட்டின் மேல் எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொன்ன நியாயத்தீர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசியா, ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் புத்தகங்களைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். பெயர்களும் வசன எண்களும் 'பழைய திருப்புதல்' என்னும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்படி. வசனங்களின் கருத்தை எங்கள் சொற்களில்தான் தந்திருக்கிறோம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

தீர்க்கதரிசின்னா பின்னாடி நடக்கப்போறதைச் சொல்றவர்தானே?

பாதி சரி. எபிரேயத்தில் 'நாபி' என்பவர் ஒருவருக்காகப் பேசுகிறவர். யாத்திராகமம் 7:1-இல் மோசேக்காகப் பேசப்போகும் ஆரோனுக்கே இந்தச் சொல் வருகிறது. வருங்காலத்தைப் பற்றி இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி, 'திருந்தாவிட்டால் இது நடக்கும்' என்ற எச்சரிக்கை. யோனா 40 நாள் கெடு வைத்தார். நினிவே திருந்தியது, கெடு ரத்தானது.

காலத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அப்போது நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது: வடக்கே சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட இஸ்ரவேல், தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் வடநாடான இஸ்ரவேலில் எலியா. 8-ஆம் நூற்றாண்டில் வடக்கே பேசியவர்கள் ஆமோஸ், ஓசியா. தெற்கே ஏசாயா, மீகா. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்பனியா, ஆபகூக், எரேமியா. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாடுகடத்தப்பட்டவர்களோடு பாபிலோனில் எசேக்கியேல். கி.மு. 722-இல் அசீரியர் சமாரியாவைப் பிடித்தார்கள், கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். இங்கே பேசப்படும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஆண்டுகளைச் சுற்றித்தான் நிற்கின்றன.

விக்கிரகம்னு தமிழ்ல ஒரே வார்த்தைதான் வருது. எபிரேயத்திலும் அப்படியா?

இல்லை, அங்கே ஒரு கூட்டமே இருக்கிறது. செதுக்கியது 'பெசெல்', வார்த்தது 'மசேக்கா'. இவை வெறும் பொருட்பெயர்கள். மற்றவை வசைச் சொற்கள். 'எலிலீம்' என்றால் ஒன்றுக்கும் உதவாதவை. தெய்வம் என்னும் 'ஏல்' காதில் விழும்படி உருவாக்கிய கிண்டல். 'ஹெபெல்' என்றால் மூச்சுக்காற்று, ஆவி. பிரசங்கியில் 'மாயை' என்று வருகிறதே, அதே சொல்தான்.

எசேக்கியேலுக்குப் பிடித்தது 'கில்லுலீம்'. அவர் புத்தகத்தில் மட்டும் ஏறக்குறைய 40 தடவை வருகிறது. சாணி உருண்டை, மலம் என்ற நாற்றம் அந்தச் சொல்லில் உண்டு. பழைய திருப்புதல் இதை 'நரகலான விக்கிரகங்கள்' என்று எழுதியது. முகம் சுளிக்க வைக்கும் தமிழ்தான். மூலமும் முகம் சுளிக்க வைக்கவே எழுதப்பட்டது. பின்னால் வந்த மொழிபெயர்ப்புகளில் இது வெறும் 'சிலைகள்' ஆகும்போது அந்த அடி விழாமல் போகிறது.

'தோப்பு'ன்னு அடிக்கடி வருதே, தோப்பு வெச்சா என்ன பாவம்?

மரத்தோப்பு இல்லை. மூலச்சொல் 'அசேரா': ஒரு பெண் தெய்வத்தின் பெயர், அவளுக்காக நட்ட மரக்கம்பத்துக்கும் அதே பெயர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதைப் புனிதத் தோப்பு என்று எடுத்துக்கொண்டது. அந்த வழக்கம் ஐரோப்பிய மொழிகள் வழியாகத் தமிழுக்கும் வந்து 'விக்கிரகத்தோப்பு' ஆனது.

சோதித்துப் பார்க்க 2 இராஜாக்கள் 23:6 போதும். யோசியா ராஜா அதை ஆலயத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்துவந்து, கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்து, இடித்துத் தூளாக்குகிறான். தோப்பை அப்படித் தூக்கிவர முடியாது. விக்கிரகத்தோடு சேர்ந்து 'தோப்பு' வரும் இடங்களில் அசேரா என்று மாற்றி வாசித்தால் வசனம் தானாகத் தெளியும்.

கர்த்தரை விட்டுட்டு ஏன் பாகால்கிட்ட போனாங்க? அப்படி என்ன ஈர்ப்பு?

மழை. எகிப்தில் நைல் உண்டு, பாபிலோனில் ஐபிராத்து உண்டு. இஸ்ரவேலின் மலைநாட்டுக்கு அப்படி ஓர் ஆறு கிடையாது. அக்டோபர், நவம்பரில் வரும் முன்மாரியும் மார்ச், ஏப்ரலில் வரும் பின்மாரியும் தவறினால் பஞ்சம்தான். பாகாலோ இடி, மழைக்கான தெய்வம். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் கிடைத்த உகாரித்துக் களிமண் பலகைகள் அவனை மேகங்களின்மேல் ஏறிவருகிறவன் என்று பாடுகின்றன. கர்த்தர் எகிப்திலிருந்து மீட்டவர், சரி; வயலுக்கு யார்? அந்தக் குடியானவனின் கேள்வி இதுதான். அவன் ஒருவரை விட்டு ஒருவரிடம் போகவில்லை, இரண்டு இடத்திலும் கணக்கு வைத்துக்கொண்டான்.

எனவே தீர்ப்பும் மழையில்தான் தொடங்குகிறது. எலியாவின் முதல் வாக்கே பனியும் மழையும் பெய்யாது என்பது (1 இராஜாக்கள் 17:1). கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளோடு நடந்த போட்டி அக்கினியோடு முடியவில்லை, பெருமழையோடு முடிகிறது. ஓசியா 2:8-9 கர்த்தரைக் கணவனாகவும் இஸ்ரவேலை மனைவியாகவும் வைத்து இதையே வீட்டு வழக்காகச் சொல்கிறது: தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தது நான், அவள் நன்றி சொன்னது பாகாலுக்கு, ஆகவே அறுப்புக் காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வேன்.

ஓசியா 2:16-ல 'பாகாலி', 'ஈஷி'ன்னு அப்படியே விட்டிருக்காங்களே, என்ன அர்த்தம்?

இரண்டுமே 'என் கணவன்'தான். 'பாகால்' என்றால் உடையவன், எஜமான்; கணவனுக்கும் வழங்கிய சொல். 'ஈஷ்' என்றால் ஆண், துணைவன். அந்தப் பெயர் வாயில் வந்தாலே எந்தத் தெய்வத்தை நினைக்கிறாள் என்ற சந்தேகம் வரும் நிலை ஆகிவிட்டது. அதனால் சொல்லையே மாற்றச் சொல்கிறார் ஓசியா. எஸ்பால் என்ற ஆள் வேறு புத்தகத்தில் இஸ்போசேத் ஆவதும், மெரிபால் மேவிபோசேத் ஆவதும் இதே கூச்சத்தால்தான். 'போசேத்' என்றால் வெட்கம்.

பெத்தேல் கன்றுக்குட்டி கர்த்தரைத்தானே குறிச்சது? வேற சாமி இல்லையே, அப்புறம் ஏன் கோபம்?

நல்ல கேள்வி. வடநாட்டின் முதல் ராஜா யெரொபெயாம் கி.மு. 930 வாக்கில் தாணிலும் பெத்தேலிலும் இரண்டு பொற்கன்றுகளை நிறுத்தியபோது சொன்னது, 'எகிப்திலிருந்து உங்களை அழைத்துவந்த தேவர்கள்' (1 இராஜாக்கள் 12:28). புதுத் தெய்வத்தை அறிமுகப்படுத்தும் பேச்சு இல்லை அது. அவன் மகனின் பெயர் அபியா: 'கர்த்தர் என் தகப்பன்'. கன்றுகள் கண்ணுக்குத் தெரியாத கடவுள் நிற்கும் பீடமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் நினைக்கிறார்கள். எருசலேம் ஆலயத்தில் இருந்த கேருபீன்கள் என்னும் சிறகுள்ள உருவங்களுக்கு வடநாட்டுப் பதில். பின்னால் வடநாட்டு ராஜா யெகூ பாகாலை அடியோடு ஒழித்தான், கன்றுகளை மட்டும் தொடவில்லை (2 இராஜாக்கள் 10:28-29). அவர்கள் பார்வையில் இவை இரண்டு வேறு விஷயங்கள்.

பத்துக் கட்டளைகளிலும் இவை இரண்டு தனித்தனிக் குற்றங்கள்: வேறு தேவர்கள் வேண்டாம், உருவமும் வேண்டாம். ஓசியா இரண்டாவதைப் பிடிக்கிறார். ஒரு கைவினைஞன் செய்தது எப்படித் தெய்வமாகும் என்று கேட்டு, சமாரியாவின் கன்று சுக்கலாகும் என்கிறார் (8:6). பெத்தேல், அதாவது 'தேவனுடைய வீடு', அவர் வாயில் பெத்தாவேன், 'அக்கிரமத்தின் வீடு' ஆகிறது. அந்தக் கன்று அசீரிய ராஜாவுக்குக் காணிக்கையாகப் போகும் என்றும் சொல்கிறார் (10:5-6). காக்க வேண்டிய தெய்வமே கப்பமாகக் கட்டப்படுகிறது.

நியாயத்தீர்ப்புன்னா சும்மா கோபத்துல திட்டுறதா? ஏதாவது முறை இருக்கா?

இருக்கிறது, நீதிமன்ற முறை. எபிரேயத்தில் 'ரீப்' என்றால் வழக்கு. எரேமியா 2-ஆம் அதிகாரத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள். முதலில் பழைய உறவின் நினைவு (2-7). சாட்சிக்கு வானத்தைக் கூப்பிடுதல் (12). குற்றச்சாட்டு: ஜீவத்தண்ணீர் ஊற்றை விட்டார்கள், வெடித்த தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் (13). பிரதிவாதியின் மறுப்பு அவள் வாயாலேயே: 'நான் தீட்டுப்படவில்லை' (23), 'நான் குற்றமில்லாதவள்' (35). கடைசியில் தீர்ப்பு: அசீரியாவால் வெட்கப்பட்டது போல எகிப்தாலும் வெட்கப்படுவாய் (36-37). மீகா 6, ஓசியா 4, ஏசாயா 1 ஆகியவற்றிலும் இதே எலும்புக்கூட்டைக் காணலாம்.

அந்த வெடித்த தொட்டி வெறும் அலங்காரம் இல்லை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உள்ளே காரை பூசிய மழைநீர்த் தொட்டிகள்தான் அங்கே வறட்சியில் உயிர்காத்தவை. காரையில் கீறல் விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கோடையில் திறந்து பார்க்கும்போதுதான் அடியில் சேறு மட்டும் இருக்கும்.

வாசிப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று. 'ஆகையால்' என்ற சொல்லுக்குப் பின் வரும் தண்டனையை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரொட்டி போட்டுவிடுகிறோம். முன்னால் இருக்கும் குற்றச்சாட்டு இல்லாமல் அது தீர்ப்பு ஆகாது, சாபம்தான்.

தண்டனை குத்தத்துக்குப் பொருத்தமா இருக்குமா, இல்ல எல்லாத்துக்கும் பட்டயம்தானா?

பட்டயம் (அதாவது வாள்), பஞ்சம், கொள்ளைநோய், துஷ்ட மிருகம் என்ற நான்கு ஒரு வாய்ப்பாடு மாதிரி வரும் (எசேக்கியேல் 14:21). ஆனால் விக்கிரக வழக்கில் தண்டனை பெரும்பாலும் குற்றத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. சொந்த நாட்டில் அந்நிய தேவர்களைச் சேவித்தவர்கள் அந்நிய நாட்டில் அந்நியரைச் சேவிப்பார்கள் (எரேமியா 5:19). சூரியனையும் சந்திரனையும் வணங்கியவர்களின் எலும்புகள் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு அதே சூரியனுக்கும் சந்திரனுக்கும் முன்பாகப் பரப்பப்படும் (எரேமியா 8:1-2). ஒன்றுமில்லாததன் பின்னால் போய் ஒன்றுமில்லாதவர்களானார்கள் என்ற எரேமியா 2:5-இல், மேலே சொன்ன 'ஹெபெல்' இரண்டு முறை வருகிறது: ஒருமுறை பெயராக, ஒருமுறை வினையாக.

எசேக்கியேல் 8 தலை சுத்துது. யார் எங்க நிக்கறாங்கன்னு படிப்படியா சொல்லுங்களேன்.

தேதி: சிறையிருப்பின், அதாவது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதன், 6-ஆம் வருஷம், 6-ஆம் மாதம், 5-ஆம் தேதி. கி.மு. 592. எசேக்கியேல் பாபிலோனில் தன் வீட்டில், யூதாவின் மூப்பர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, தலைமயிரைப் பிடித்துத் தூக்கி எருசலேமுக்குத் தரிசனத்தில் கொண்டுபோகப்படுகிறார். அங்கே நான்கு காட்சிகள். முதல் மூன்றில் ஒவ்வொன்றுக்கும் பின் 'இதைவிட அதிகமானதைக் காண்பாய்' என்று ஒரு வார்த்தை.

ஒன்று, வடக்கு வாசலருகே 'எரிச்சலுண்டாக்கும்' விக்கிரகம்; இது பொது இடத்தில் நிற்பது. இரண்டு, சுவரில் ஒரு துவாரம், குடைந்து உள்ளே போனால் சுவரெங்கும் ஊரும் பிராணிகளும் மிருகங்களும் வரைந்திருக்கின்றன. மூப்பர் 70 பேர் கையில் தூபகலசத்தோடு, புகை மேகமாய் எழும்ப நிற்கிறார்கள். கர்த்தர் பார்க்கவில்லை, தேசத்தைக் கைவிட்டார் என்பது அவர்கள் பேச்சு. நடுவில் சாப்பானின் மகன் யசனியா. இந்தச் சாப்பான் யோசியாவின் சீர்திருத்தத்தில் முன்நின்ற சம்பிரதியே என்றால், அந்த வீட்டுப் பிள்ளையே இங்கே நிற்கிறான். மூன்று, ஆலயத்தின் வடக்கு வாசலில் தம்மூசுக்காக அழும் பெண்கள். தம்மூசு கோடையில் மடியும் பாபிலோனியத் தெய்வம். இன்றைய யூத நாட்காட்டியின் ஒரு கோடை மாதத்துக்கும் அதே பெயர்தான். நான்கு, உள்முற்றத்தில், மண்டபத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே, ஏறக்குறைய 25 ஆண்கள் கிழக்கே பார்த்துச் சூரியனைக் கும்பிடுகிறார்கள்.

இட அமைப்பைக் கவனியுங்கள். ஆலயத்தின் வாசல் கிழக்கு நோக்கியது. உள்முற்றத்தில் நின்று கிழக்கே கும்பிட வேண்டுமானால் கர்ப்பக்கிரகத்துக்கு முதுகைக் காட்டியே ஆக வேண்டும். 16-ஆம் வசனம் அந்த முதுகைத் தவறாமல் குறிப்பிடுகிறது. அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள்: இது போதாதென்று தேசத்தைக் கொடுமையினால் நிரப்பினார்கள் என்கிறது. விக்கிரகமும் கொடுமையும் ஒரே குற்றப்பத்திரிகையில் இருக்கின்றன.

அடுத்த அதிகாரத்துல நெத்தியில போடற அடையாளம் என்ன?

எபிரேய எழுத்து வரிசையின் கடைசி எழுத்தான 'தாவ்'. அந்தக் காலத்து எழுத்துமுறையில் அது இரண்டு கோடு குறுக்கே போட்ட பெருக்கல் குறி. நடக்கிற அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் குறி. கையில் ஆயுதத்தோடு ஆறு பேர், நடுவில் சணல்நூல் அங்கி உடுத்து மைக்கூடு வைத்திருக்கும் ஒருவர். கட்டளை: என் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தொடங்குங்கள் (9:6). முதலில் விழுகிறவர்கள் ஆலயத்துக்கு முன் நின்ற மூப்பர்கள்.

உண்மையான தண்டனை இதற்கும் பிறகுதான் என்பது எங்கள் கருத்து. கர்த்தருடைய மகிமை வாசற்படிக்கு (9:3), பிறகு கிழக்கு வாசலுக்கு (10:19), பிறகு நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலைக்கு (11:23) நகர்ந்து வெளியேறுகிறது. பாபிலோனியர் ஆறு வருஷம் கழித்து எரித்தது, எசேக்கியேலின் கணக்கில், காலி வீட்டை.

ஏசாயா 44-ல மரத்தைப் பாதி எரிச்சு மீதியைச் சாமியாக்கினான்னு கிண்டல் பண்றாரு. நிஜமாவே அவங்க மரத்தைத்தான் கடவுள்னு நம்புனாங்களா?

இல்லை. பாபிலோனியப் பூசாரிகளும் இந்தக் கேள்வியை யோசித்தவர்கள்தான். புதுச் சிலைக்கு 'மீஸ் பீ', அதாவது வாய் கழுவுதல், என்று ஒரு சடங்கு செய்தார்கள்; அதற்கான களிமண் பலகைகள் நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்திருக்கின்றன. சடங்கின் ஒரு கட்டத்தில் சிலை செய்த கைவினைஞர்களின் கைகளைக் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். 'இதை நான் செய்யவில்லை, என் தொழில் தெய்வம் செய்தது' என்று அவர்கள் ஆணையிடுவார்கள். வாய் திறக்காத சிலை தூபம் முகராது, சோறு உண்ணாது என்பது அங்கே விதி. ஸ்தபதி கண் திறக்கும்வரை கல் கல்தான் என்று அறிந்த தமிழ் வாசகருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் ஏசாயா 44:12-17-ஐ மறுபடி படியுங்கள். சடங்கு கைவினைஞனின் கையை மறைக்கிறது; கவிதை அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுப்பதேயில்லை. கொல்லன் பசியில் சோர்கிறான், தண்ணீர் குடிக்காமல் களைக்கிறான். தச்சன் நூல் பிடிக்கிறான், கவராயத்தால் வகுக்கிறான். பிறகு கதை பின்னோக்கி ஓடுகிறது: மரம் வெட்டியது, அதற்கு முன் அதை நட்டது, அதற்கும் முன் மழை அதை வளர்த்தது. ஒரு பங்கு குளிர்காய, ஒரு பங்கு அப்பம் சுட, இறைச்சி பொரிக்க, மிச்சத்துக்குக் கும்பிடு. மழையை அனுப்பியவர் யார் என்ற கேள்வி வாசகனின் தலையில் தானாக விழுகிறது.

ஆக, இது எதிராளியின் இறையியலை நியாயமாக விவரிக்கும் கட்டுரை இல்லை. அதை வேண்டுமென்றே ஏற்க மறுக்கும் நையாண்டி. அப்படியே எடுத்துக்கொண்டு 'சிலையை வணங்குகிறவர்கள் எல்லாரும் மரத்தை நம்புகிறார்கள்' என்று பாடம் நடத்தினால், தீர்க்கதரிசி சொல்லாததைச் சொன்னதாகிவிடும். எரேமியா 10:5-இல் வரும் தோட்டத்துப் பொம்மையும், நடக்கத் தெரியாததால் தூக்கிச் சுமக்கப்படுகிறதே என்ற கேலியும் இதே ரகம்.

ஏசாயா 46-ல பேல், நேபோ மாட்டு மேல ஏத்திப் போறாங்க. அப்படி நடந்துச்சா?

பேல் என்பது மர்துக், நேபோ என்பது நாபு. புத்தாண்டு விழாவில் இவர்களை ஊர்வலமாகக் கொண்டுபோவது பாபிலோனின் பெருமை. கவிதை அந்த ஊர்வலத்தையே அகதிகளின் மூட்டையாக மாற்றிவிடுகிறது. கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக ராஜா கோரேஸ் மர்துக்கை அவமதிக்கவில்லை. தன் களிமண் உருளையில் மர்துக்கே தன்னை அழைத்ததாக எழுதிக்கொண்டான். அதனால் இதை நாட்குறிப்பாக வாசிக்காதீர்கள். அதன் அடி 3, 4-ஆம் வசனங்களில் இருக்கிறது: அந்தத் தெய்வங்களை மனிதர் சுமக்கிறார்கள், நானோ உங்களைப் பிறப்பிலிருந்து நரைவரை சுமக்கிறேன்.

எரேமியா 44-ல அந்தப் பெண்கள் சொன்னது எனக்கு நியாயமாத்தான் படுது. தப்பா?

தப்பில்லை, அந்த வாதம் பலமானது. எருசலேம் விழுந்தபின் எகிப்துக்கு ஓடியவர்கள் எரேமியாவுக்கு நேர்முகமாகச் சொல்கிறார்கள்: வானராக்கினி என்னும் பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டியவரை சோற்றுக்குக் குறையில்லை, நிறுத்திய நாளிலிருந்து பட்டயமும் பஞ்சமும்தான். காலவரிசையைப் பாருங்கள். யோசியா கி.மு. 622 வாக்கில் இவற்றையெல்லாம் நிறுத்தினான். 609-இல் அவனே மெகிதோவில் கொல்லப்பட்டான். 597-இல் முதல் பெரிய சிறையிருப்பு. 586-இல் நகரமே இல்லை. அவர்கள் கணக்கு நாட்களோடு பொருந்துகிறது.

இது வீட்டு வழிபாடு என்பதையும் மறக்க வேண்டாம். எரேமியா 7:18-இல் பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் பணியாரத்துக்கு மாவு பிசைகிறார்கள். குடும்பமே ஓர் அடுப்பைச் சுற்றி நிற்கிறது. கணவருக்குத் தெரியாமலா செய்தோம் என்று அந்தப் பெண்கள் கேட்பது (44:19) அதனால்தான்.

எரேமியா அவர்களுடைய தகவல்களை மறுக்கவில்லை, காரணத்தை மாற்றுகிறார்: நீங்கள் தூபம் காட்டியதால்தான் இது வந்தது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பின் வந்தது. ஒரே சம்பவங்கள், இரண்டு விளக்கங்கள். யாருடைய வார்த்தை நிற்கும் என்று பார்ப்போம் என்று ஓர் அடையாளமும் கொடுக்கிறார்: பார்வோன் ஓப்பிரா தன் பகைஞர் கையில் விழுவான். கி.மு. 570-இல் ஓப்பிரா தன் தளபதி அமாசிசிடம் அரியணையை இழந்தான், பிறகு கொல்லப்பட்டான். அந்தப் பெண்கள் அதன்பின் என்ன சொன்னார்கள் என்பதை எரேமியா புத்தகம் எழுதவில்லை.

பிள்ளைகளைத் தீயில போட்டாங்களா?

இன்னோம் பள்ளத்தாக்கின் தோப்பேத்தில் அது நடந்ததாக எரேமியா 7:31 நேரடியாகச் சொல்கிறது. நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்ற கர்த்தரின் மறுப்போடு. அப்படி மறுக்க வேண்டியிருந்தது என்றால், கர்த்தருக்காகவே செய்வதாக நினைத்தவர்களும் இருந்திருக்க வேண்டும். எபிரேயத்தில் அந்த இடம் 'கே இன்னோம்'. கிரேக்கத்தில் 'கெகென்னா' ஆகி, புதிய ஏற்பாட்டின் தமிழில் 'நரகம்' என்று நிற்கிறது.

யோசியா எல்லாத்தையும் இடிச்சு சுத்தம் பண்ணினாரே. அப்புறமும் ஏன் 586?

2 இராஜாக்கள் 23:26 யோசியாவின் தாத்தா மனாசேயின் 55 வருஷ ஆட்சியைக் காரணம் காட்டுகிறது. எரேமியாவின் பதில் வேறு: யூதா முழு மனதோடு திரும்பவில்லை, பொய்யாய்த்தான் திரும்பினாள் (3:10). ஊர்களில் இருந்த வழிபாட்டு மேடைகள் இடிந்தன, வழிபாடு எருசலேம் ஆலயம் ஒன்றிலேயே குவிந்தது. அந்த ஆலயமே புதுத் தாயத்து ஆனது. 'கர்த்தரின் ஆலயம்' என்று மூன்று முறை மந்திரம்போலச் சொன்னார்கள் (7:4). திருடிக்கொண்டு, கொலை செய்துகொண்டு, பாகாலுக்குத் தூபம் காட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றால் தப்புவோமா என்று கேட்டு, முன்பு கர்த்தரின் ஸ்தலமாக இருந்து பாழாய்ப்போன சீலோவைப் போய்ப் பாருங்கள் என்கிறார் (7:9-12).

மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்து நிகுஸ்தான் என்று பெயரிட்டதும் (2 இராஜாக்கள் 18:4) இந்த வரிசையில் வருகிறது. கர்த்தர் சொல்லிச் செய்த பொருளும் விதிவிலக்கு இல்லை.

மூணு நாலு தலைமுறைக்குத் தண்டனைன்னு கட்டளை சொல்லுது, எசேக்கியேல் 18 இல்லேங்குது. எது சரி?

எசேக்கியேல் எதிர்ப்பது கட்டளையைவிட அதை வைத்து ஊரில் ஓடிய பழமொழியை: அப்பன் புளித்த திராட்சை தின்றான், பிள்ளைகளுக்குப் பல் கூசுகிறது. சிறையிருப்பில் இருந்தவர்கள் தங்கள் பங்கைக் கழுவிக்கொள்ள இதைச் சொன்னார்கள். கட்டளையிலேயே 'என்னைப் பகைக்கிறவர்களுக்கு' என்ற வரம்பு உண்டு. மூன்று நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் அது. முழு இழுவையும் இதனால் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல மாட்டோம். மேலே யோசியா பதிலில் பார்த்தபடி, மனாசேயின் கணக்கு பேரனின் காலத்தைத் தாண்டியும் நிற்கத்தான் செய்கிறது.

மண்ணுக்குள்ள தோண்டினா இதுக்கெல்லாம் ஆதாரம் கிடைக்குதா?

வழிபாடு கலந்து கிடந்தது என்பதற்கு நிறையவே. சீனாய்ப் பாலைவனத்தின் குந்திலத் அஜ்ருதில் 1975-76-இல் கிடைத்த பெரிய ஜாடிகளில், கி.மு. 800 வாக்கில் எழுதிய வாழ்த்து இருக்கிறது: 'சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா' பெயரால் ஆசீர்வாதம். யாவே என்பது தமிழில் 'கர்த்தர்' என்று வரும் எபிரேயப் பெயர். அசேரா இங்கே தேவியா கம்பமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. யூதாவின் தென்கோட்டையான ஆராத்தில் ஒரு சிறு கோயிலே இருந்தது. அதன் இரண்டு தூபபீடங்களைச் சாய்த்துப் புதைத்திருந்தார்கள். 2020-இல் வெளியான ஆய்வு, பெரியதில் சாம்பிராணி இனப் பிசினும் சிறியதில் கஞ்சாவும் எரிக்கப்பட்டதாகக் கண்டது. பெயெர்செபாவில் கொம்புள்ள பலிபீடத்தின் கற்கள் ஒரு கிடங்குச் சுவரில் சாதாரணக் கற்களாகச் செருகிக் கிடந்தன.

தீர்ப்பின் பக்கமும் ஒரு சான்று உண்டு. அசீரியாவின் இரண்டாம் சார்கோன், சமாரியாவிலிருந்து 27,280 பேரை, அவர்கள் நம்பியிருந்த தெய்வங்களோடு சேர்த்துக் கொள்ளையாக எடுத்ததாக நிம்ருத் பட்டகத்தில் எழுதினான். ஓசியா 10:6-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இன்னொன்று, தன் தெய்வம் தன் தேசத்தின்மேல் கோபித்துப் பகைவனிடம் ஒப்புக்கொடுக்கும் என்ற எண்ணம் இஸ்ரவேலுக்கு மட்டும் சொந்தமில்லை. 1868-இல் கிடைத்த மோவாபிய ராஜா மேசாவின் கல்லும், காமோஸ் தன் நாட்டின்மேல் கோபமாயிருந்ததால் இஸ்ரவேல் தங்களை ஒடுக்கியது என்கிறது.

அப்போ மத்த ஜனங்களையும் சிலை வெச்சதுக்காகத் தண்டிச்சாரா? நம்ம ஊர் கோயில்களுக்கும் இது பொருந்துமா?

ஆமோஸ் 1, 2 அதிகாரங்களை வரிசையாகப் பாருங்கள். தமஸ்கு கீலேயாத்தை இரும்பு உருளையால் போரடித்தது. காசா ஒரு ஜனத்தையே அடிமைகளாக விற்றது. அம்மோன் கர்ப்பவதிகளைக் கீறியது. மோவாப் ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாகச் சுட்டது. ஆறு அயல்நாடுகளில் ஒன்றின் மேலும் சிலைக் குற்றம் இல்லை. எல்லாம் மனிதர்மேல் செய்த கொடுமை. யூதாவிடம் வரும்போதுதான் வேதத்தை வெறுத்ததும் பொய்களைப் பின்பற்றியதும் வழக்காகின்றன. 3:2 காரணத்தையும் சொல்கிறது: உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத் தண்டிப்பேன். உடன்படிக்கை செய்தவர்மேல்தான் உடன்படிக்கை மீறிய வழக்குப் போட முடியும்.

அயல்தெய்வங்கள் மேலான கேலி இல்லாமல் இல்லை. அது பெரும்பாலும் பாபிலோன், நினிவே போன்ற வல்லரசுகளின் வீழ்ச்சியோடு சேர்ந்து வருகிறது. எரேமியா 48:13 மோவாபின் காமோசைச் சொல்லும்போதுகூட, இஸ்ரவேலுக்குப் பெத்தேல் போல என்று உள்வீட்டையும் சேர்த்தே இழுக்கிறது. மீகா 4:5 இன்னும் அமைதி: எல்லா ஜனங்களும் தங்கள் தேவன் நாமத்தில் நடப்பார்கள், நாங்கள் கர்த்தரின் நாமத்தில் நடப்போம். இந்த நூல்கள் தமிழகக் கோயில்களை அறியா; அவற்றின்மேல் இந்த வசனங்களை வீசுகிறவர்கள், 'என் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து தொடங்குங்கள்' என்ற வரியைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் வீச வேண்டியிருக்கிறது.

கையில சிலை இல்லேன்னா தப்பிச்சோமா?

எசேக்கியேல் 14:3-இல் மூப்பர்கள் வெறுங்கையோடுதான் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் விக்கிரகங்கள் இருதயத்தில் இருக்கின்றன என்ற பதில் வருகிறது. 18-ஆம் அதிகாரப் பட்டியலிலும் விக்கிரகத்தை நோக்கிக் கண்ணெடுப்பது, அடகு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதது, வட்டிக்குக் கொடுப்பது எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன.

முழுசாப் படிக்கணும்னா எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?

ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் பாதியில் நின்றுவிடுவீர்கள். முதலில் 1 இராஜாக்கள் 12, 18. பிறகு ஓசியா 1 முதல் 3 வரை, 8, 10. அடுத்து எரேமியா 2, 7, 44. அதன்பின் எசேக்கியேல் 8 முதல் 11 வரை ஒரே அமர்வில். நடுவில் நிறுத்தினால் மகிமை எங்கே நிற்கிறது என்பது மறந்துவிடும். கடைசியில் ஏசாயா 40 முதல் 46 வரை. எசேக்கியேல் 36:25-ஐயும் 43:1-5-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விக்கிரகத் தீட்டுக்குத் தண்ணீர் தெளிப்பதும், வெளியேறிய மகிமை அதே கிழக்கு வாசல் வழியாகத் திரும்புவதும் அங்கே இருக்கின்றன.

எபிரேய எண் முறையைப் பின்பற்றும் பதிப்பு உங்களிடம் இருந்தால் ஓசியா 2:16 அதில் 2:18 ஆக இருக்கும். மீகா 5-ஆம் அதிகாரத்தில் ஒவ்வொரு வசனமும் ஒன்று குறையும். வசனம் காணவில்லை என்றால் ஒன்றிரண்டு மேலும் கீழும் தேடிப் பாருங்கள்.